அரிப்புக்குக் கொரிய வைத்தியம்: போகலாமா, வேண்டாமா?

கொரியா போய் வந்ததிலிருந்து தண்டையார்பேட்டையில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் ஜாக்கெட் அளவு கொடுப்பதற்கு முன்னால் என் கையைத்தான் பார்க்கிறார்கள். "அக்கா, அங்க ஏதோ பாக்கெட் கஷாயம் குடிச்சீங்களாமே, சரியாப் போச்சா?" ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நீங்கள் ஏற்கனவே அந்த ஊரில் இருந்தால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். அதற்காக டிக்கெட் எடுக்கவும் வேண்டாம், யாரையாவது பிடித்துப் பாக்கெட் வரவழைக்கவும் வேண்டாம்.

எனக்கு இருப்பது கரப்பான், டாக்டர் சீட்டில் எக்ஸிமா. முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்பக்கம், பின்கழுத்து. பள்ளிக்கூடக் காலத்திலேயே வந்தது. அம்மாவுக்கு வீசிங், எனக்கு இது. இரண்டும் ஒரே குடும்பத்தில் ஓடுமாம். மே, ஜூனில் யூனிபார்ம் தைக்கிற சீசனில் நாள் முழுக்க பாலியஸ்டர் துணி மடியில் கிடக்கும், வேர்வை வழியும், அப்போதுதான் உச்சம். சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் ட்யூப் வாங்கி வருடக்கணக்காக முகத்தில் தடவிய என் சிநேகிதிக்குக் கன்னத்துத் தோல் மெலிந்து நரம்பு தெரிகிறது. அதைப் பார்த்த பயத்தில், ஸ்டீராய்டு க்ரீம் என்றால் நான் டாக்டர் எழுதித் தந்ததை, அவர் சொன்ன நாள் கணக்குக்கு மேல் தொடமாட்டேன்.

தம்பி தென் கொரியாவில் உல்சான் என்கிற ஊரில் வேலையில் இருக்கிறான். அவன் மனைவி பிரசவத்துக்குத் துணையாகப் போனேன். போனது குளிர்காலம். இங்கே வேர்வையில் அரிக்கிறது என்றால் அங்கே வறட்சியில் அரித்தது. ஜனவரி விடியற்காலையில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. உள்ளே தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடி வீடு முழுக்கக் கணகணவென்று இருக்கும். படுக்கும்போது சுகம். விடிந்தால் தோல் செதில் செதிலாக, போர்வையில் ரத்தப் பொட்டு. தம்பிதான் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்துத் தெரு ஹனுய்வொனுக்குக் கூட்டிப்போனான். கொரிய மருத்துவக் கிளினிக்குக்கு அங்கே அதுதான் பெயர்.

நம் ஊர் சித்த மருத்துவர்களைப் போல இவர்களுக்கும் தனிப் படிப்பு, தனி லைசென்ஸ். 6 வருடம் படிக்க வேண்டும், ஆனால் ஆங்கில மருந்து எழுத அனுமதி இல்லை. வரவேற்பறைச் சுவரில் 'தோங்கி போகம்' என்கிற பழைய மருத்துவ நூலின் பக்கம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஹோ ஜுன் என்கிற அரண்மனை வைத்தியர் தொகுத்தது, 1613-இல் அச்சானது, யுனெஸ்கோ 2009-இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது என்று தம்பி அடுக்கினான். பெருமையைப் பார்த்தால் அவனே எழுதினது போல இருந்தது.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து வெகு நேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். படுக்க வைத்துத் தொப்புளைச் சுற்றி அழுத்தி, எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார். அப்புறம் கேள்விகள்: மலச்சிக்கல் உண்டா, கை கால் சில்லிடுமா, தாகத்துக்கு வெந்நீர் பிடிக்குமா ஜில் தண்ணீரா, தூக்கத்தில் எத்தனை மணிக்கு அரிப்பு எழுப்பும். தம்பியை வைத்துக்கொண்டு மாதவிலக்கு பற்றிப் பதில் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது. மொழி தெரியாதவர்கள் பெண் துணையோடு போவது நல்லது. ஆனால் என் தோலைப் பற்றி இவ்வளவு பொறுமையாக யாரும் என்னிடம் விசாரித்ததில்லை.

பிறகு ஊசி. முழங்கையை மடக்கினால் மடிப்பு முடிகிற இடத்தில் ஒன்று, முட்டிக்கு மேலே உள்பக்கம் ஒன்று, இன்னும் சில. என் கண்ணெதிரே உறையைப் பிரித்து எடுத்த மயிரிழை ஊசிகள். நான் நாள் முழுக்க ஊசியோடு புழங்குகிறவள், மிஷின் ஊசியே விரலில் ஏறியிருக்கிறது. இது அந்த வலியே இல்லை. குத்தியது தெரியாது, கொஞ்சம் கழித்து உள்ளே ஒரு கனம், ஓர் இழுப்பு. அன்று சாயங்காலம் அரிப்பு அடங்கியிருந்தது, ராத்திரி திரும்பவும் வந்தது.

கஷாயம் இரண்டு நாள் கழித்துப் பெட்டியில் வந்தது. அவர்களே காய்ச்சி, ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட் என்று ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பாக்கெட்டை வெந்நீரில் போட்டு, சூடேறியதும் மூலையைக் கத்தரித்துக் குடிக்க வேண்டியதுதான். இந்த ஒரு விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. நம் குடிநீர்ச் சூரணத்தை நாலில் ஒரு பங்காக வற்றவைப்பதற்குள் கேஸும் தீரும், பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப்பார்ப்பார். கசப்போ நாக்கின் அடி வரை இறங்கும், கடைசியில் லேசாகத் தித்திக்கும்.

பத்தியமும் உண்டு. மைதா, பொரித்த கோழி, பன்றிக்கறி, மது வேண்டாம் என்றார். மீன் சாப்பிடலாமா என்று கேட்டேன். அயிலை போன்ற மீனையும் நண்டு, இறாலையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் நிற்கிறவளிடம் இதைச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்ததோ.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. அந்த மாதக் கடைசியில் ராத்திரி முழுக்கத் தூங்கினேன், முழங்கை மடிப்பு மிருதுவாகிவிட்டது. ஆனால் அதே நாட்களில் நான் தையல் மிஷினைத் தொடவில்லை, பாலியஸ்டர் இல்லை, வேர்வை இல்லை. டாக்டர் சொன்னபடி குளித்துத் துடைத்ததும் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போட்டேன், தரைச் சூட்டையும் தம்பி குறைத்தான். இதில் கஷாயத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன். ஊர் திரும்பி மிச்சப் பாக்கெட்டைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, பங்குனி வெயிலில் பின்கழுத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

பணம்தான் உறுத்துகிறது. தம்பிக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் உண்டு, ஊசி வைத்தியம் அதில் அடங்குவதால் சொற்பக் காசுதான். வந்துபோகிற எனக்கு முழுத்தொகை. கஷாயம் பெரும்பாலும் இன்ஷூரன்ஸில் வராது. ஒரு மாதத்துக்கு 3 லட்சம் வொன்னுக்கு மேல் ஆனது, நம் காசில் 18,000 ரூபாய் சொச்சம்.

இப்போது இங்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவுக்குப் போகிறேன், செலவு பஸ் காசு மட்டும். கொரிய மருந்துப் பட்டியலை அந்த டாக்டரிடம் காட்டினேன். ஒவ்வொன்றின் தாவரப் பெயரையும் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுல தித்திப்பு நம்ம அதிமதுரம்மா. இந்தக் கசப்பு வேர்ல இருக்கிற பெர்பெரின்ங்கிற பொருள் நம்ம மரமஞ்சள்லயும் இருக்கு." பறங்கிப்பட்டைச் சூரணமும் அறுகன் தைலமும் கொடுத்தார். கருவாடு, கத்திரிக்காய், நண்டு, இறால் கூடாதாம். இரண்டு தேசமும் பேசி வைத்துக்கொண்டு என் சட்டியில்தான் கை வைக்கின்றன. முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது, ஆனால் இந்தச் செலவில் வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்கு ஒன்று. பாக்கெட்டின் மேல் பெயரும் தேதியும்தான் இருந்தன, உள்ளே என்ன மூலிகை என்று இல்லை. கேட்ட பிறகுதான் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதிமதுரம் அளவு மீறினால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சில மூலிகைகள் ஈரலையும் பாதிக்கும், அதனால் மாதக்கணக்கில் குடிப்பதாக இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கொரியாவானாலும் சரி, கொருக்குப்பேட்டையானாலும் சரி.