புது சைக்கிளின் பாகங்களைப் பூட்டித் தர ஆள் வந்தால், பெடல் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

ஆன்லைனில் வாங்கிய கியர் சைக்கிள். ஹேண்டில்பார், முன்சக்கரம், சீட், பெடல் நான்கையும் வீட்டுக்கே வந்து மாட்டித் தருவதாக 500 ரூபாய் வாங்கினார்கள். ஒரே வாரத்தில் இடது பெடல், அதை மாட்டும் கையான கிராங்கின் மரையைப் பிய்த்துக்கொண்டு கழன்று விழுந்தது. கேட்டதற்கு, "மேட்டுல எந்திரிச்சு நின்னு மிதிச்சிருப்பீங்க சார்" என்றார்கள். புது கிராங்குக்குத் தனிக் காசாம்.

நின்று மிதித்தால் மரை போகாது. கழன்ற பெடலின் அச்சு நுனியில் 'ஆர்' என்று அடித்திருக்கிறது. அது வலது பெடல். மரை இடுக்கு முழுக்கப் பளபளவென்று அலுமினியத் தூள். பக்கம் மாற்றிப் போட்டு, இறங்காததால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி முறுக்கியிருக்கிறார்கள். அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். எது கிழியும் என்று சொல்லவே வேண்டாம்.

மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்றுதான் இடது பெடலுக்கு எதிர் மரை வைக்கிறார்கள். 'எல்' இடப்பக்கம், 'ஆர்' வலப்பக்கம். மரையில் கிரீஸ் தடவி, ஸ்பேனரைத் தொடாமல் விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். முதல் சுற்றிலேயே பிடித்தால் கோணலாக ஏறுகிறது, உடனே கழற்றுங்கள். பிறகு 15 எம்.எம். ஸ்பேனர். ஸ்பேனரின் கைப்பிடி மேலே இருக்கும்படி வைத்து, இரண்டு பக்கமும் முன்சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கிச் சுற்றினால் கழலும். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும், 20 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் சுமார் 18 கிலோ அழுத்தம், அவ்வளவுதான். அச்சின் விளிம்பு கிராங்கோடு சுற்றிலும் ஒட்டி உட்கார வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். பாரம் ஏறும் நேரத்தில்தான் அது பிடுங்கிக்கொண்டு வரும், விழுவது நடுரோட்டில்.

இதே சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையான ஃபோர்க்கும் முன்பின்னாகத் திரும்பியிருந்தது! டிஸ்க் பிரேக்கின் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், ஓட்டுபவருக்கு இடப்பக்கம், ஃபோர்க் காலின் பின்னால் இருக்க வேண்டும். வலப்பக்கம் முன்னால் தெரிந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது. அப்படியே ஓட்டினால் ஹேண்டில் இயல்பாகத் திரும்பாது. திருப்பும்போது சக்கரம் மிதிப்பவரின் பாதத்தில் இடிக்கக்கூடும். சீட் குழாயைக் குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இறக்க வேண்டும் என்று காட்டும் கோடும் வெளியே தெரியக் கூடாது.

மரை லேசாகத்தான் நசுங்கியிருந்தால் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை உள்ள டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுச் சரிசெய்யலாம். இங்கே அதற்கும் வழியில்லை. மரை போன கிராங்கை மட்டும் மாற்றினால் போதும், முழு செட்டையும் தலையில் கட்டப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பூட்டி முடித்ததும், ஆள் கிளம்பும் முன்பே, இரண்டு பெடலையும் ஃபோர்க்கையும் படம் எடுத்து வையுங்கள்.