ஷட்டர்ட் சோர்ட்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கடற்போர்க் கோட்பாடு எழுதிய மஹான், கோர்பெட் இருவரையும் பலகையில் கடற்போர் விளையாடுபவர்கள் எப்படியும் ஒருநாள் வாசித்துவிடுவார்கள். எங்கள் வெள்ளவத்தைக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டது வேறு. ஜொனதன் பார்ஷலும் அந்தோனி டல்லியும் பசிபிக்கில் ஜப்பான் தோற்ற மிட்வே கடற்போர் பற்றி எழுதி 2005இல் வெளிவந்த 'ஷட்டர்ட் சோர்ட்' காசுக்குப் பெறுமதியா? ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டுப் புத்தகம் வாங்குவது லேசான காரியமில்லை, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

1942 யூன் 4 காலை அமெரிக்க டைவ் பாம்பர்கள் அக்காகி, காகா, சோரியு என்ற மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களையும் சில நிமிடங்களில் எரியவிட்டன. ஜப்பானியத் தாக்குதல் விமானங்கள் மேல்தளத்தில் தயாராக நின்றன, இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் பறந்திருக்கும் என்பது ஜப்பானிய விமானப்படைத் தலைவர்களில் ஒருவரான ஃபுச்சிடா சொல்லி நெடுங்காலம் நம்பப்பட்ட கதை. புத்தகம் ஜப்பானிய விமானப் பதிவேடுகளை வைத்தே அதை உடைக்கிறது. அந்த நேரத்தில் மேல்தளத்தில் காவல் விமானங்கள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தாக்குதல் விமானங்கள் கீழே ஹாங்கரில், அதாவது கப்பலுக்குள் விமானங்களை வைக்கும் கூடத்தில், இருந்தன.

எனக்கு இந்தப் புத்தகத்தின் உயிரே அந்த ஹாங்கர்தான். நாலா பக்கமும் மூடிய இடம், அதற்குள் எஞ்சின் சூடாக்க முடியாது. விமானங்களை லிஃப்டில் மேலே ஏற்றி, வரிசையாக நிறுத்தி, எஞ்சினைச் சூடாக்கிக் கிளப்ப முக்கால் மணி நேரமாவது வேண்டும். அவ்வளவு நேரமும் வேறெந்த விமானமும் அங்கே இறங்க முடியாது. தரைக்குக் குண்டு, கப்பலுக்கு டோர்பிடோ என்று விமானத்தின் ஆயுதத்தை மாற்ற, எங்கள் பலகையில் ஒரு பக்கம் குண்டும் மறுபக்கம் டோர்பிடோவும் அச்சிட்ட கவுன்டரை, அதாவது விமானத்தைக் குறிக்கும் அட்டைத் துண்டை, ஒரே முறையில் புரட்டிவிடுவோம். இதை வாசித்த பிறகு எனக்கு அது பொறுக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டு விதிப்படி, புரட்டும் கவுன்டர் கப்பலின் கீழ்ப்பெட்டிக்குப் போய் அடுத்த இரண்டு முறை அங்கேயே கிடக்க வேண்டும். அந்த நேரம் குண்டு விழுந்தால் சேதம் இரட்டிப்பு. ஆட்டம் இழுபடுகிறது, ஆனால் மிட்வேயில் ஜப்பானிய விமானந்தாங்கிகளை நடத்திய நகுமோவின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று விளங்குகிறது.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். இதே நகுமோதான் 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கினார். துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. இரண்டாம் அலைக்கு டோர்பிடோவை இறக்கிக் குண்டு மாட்டச் சொன்னார். பிறகு பிரிட்டிஷ் கப்பல்கள் கண்ணில் பட்டதும் திரும்பவும் டோர்பிடோ என்றார். மிட்வேயில் அவரைக் கவிழ்த்த அதே சிக்கல், இரண்டு மாதம் முன்னதாக, நம் வாசலில்! அன்று டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற பிரிட்டிஷ் குரூஸர்கள் தப்பவில்லை, ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கி ஹெர்மிஸும் மூழ்கியது. அதனால் ஜப்பானியருக்கு அந்தத் தடுமாற்றம் பாடமாகவில்லை. இப்படிப்பட்ட ஒத்திகையைப் புத்தகம் சுருக்கமாகத் தாண்டிப் போகிறது. மிட்வே புத்தகம்தானே என்று ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், மனம் ஏற்பதில்லை. ஹாங்கருக்கு அவ்வளவு பக்கம் கொடுத்தவர்கள், ஏப்ரலுக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே தம்பி, முதலில் இதை வாங்க வேண்டாம். வேய்ன் ஹியூஸின் 'ஃப்ளீட் டாக்டிக்ஸ்' வாங்குங்கள். முந்திக்கொண்டு பலமாக அடிப்பவனுக்கே கடல் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன புத்தகத்தை நான் பார்த்ததில்லை. 'ஷட்டர்ட் சோர்ட்' என்னிடம் இருக்கிறது, வந்து வாசித்துவிட்டுப் போங்கள். இன்றைய மனநிலையில் அதற்கு ஐந்தில் மூன்றுக்கு மேல் போட மாட்டேன்.