கும்பகோணம் நகருக்குள்ளா, தாராசுரத்திலா?

குழந்தைகளோடு குடியேற எது நல்லது என்று கேட்டால், நான் தாராசுரம் பக்கம்தான் நிற்பேன்.

நகருக்குள் இருப்பதன் வசதியை மறுக்க முடியாது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே எல்லாமே நெருக்கமாக இருக்கிறது. பெரிய கடைவீதி, பள்ளிக்கூடம், டாக்டர், கோயில் எல்லாம் நடக்கும் தூரம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இது பெரிய பலம். ஆனால் சந்துகள் குறுகல், வீடுகள் சுவரோடு சுவர். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டப் பழக இடமில்லை. முகூர்த்த நாட்களில் வண்டியை வெளியே எடுக்கவே யோசிக்க வேண்டும். 2028 மகாமகத்தின்போது கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

தாராசுரம் நான்கு கிலோமீட்டருக்குள்தான். 2021இல் மாநகராட்சியோடும் சேர்ந்துவிட்டது. காய்கறிக்கு மொத்த மார்க்கெட் அங்கேயே இருக்கிறது. தெருக்களில் பட்டுத் தறிச் சத்தம் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்தது சாயங்காலம்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் புல்வெளியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். உலகப் பாரம்பரியச் சின்னத்தின் நிழலில் ஒரு குழந்தை நடை பழகுவதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும்.

சரி, குறையும் உண்டு. பள்ளிக்குத் தினமும் ஆட்டோவோ பஸ்ஸோ வேண்டும். அப்புறம், மனை வாங்குகிறவர்கள் அது முன்பு வயலா என்று விசாரியுங்கள். களிமண் வயலைத் தூர்த்த இடத்தில் அஸ்திவாரச் செலவு கூடும். ஐப்பசி மழையில் ஒருமுறை நேரில் போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.