ஒன்று செய்வதா, இரண்டு செய்வதா?

லீவில் உப்புவெளிக்கு வந்திருந்தபோது, பொறியியல் படிக்கும் இரண்டு தம்பிமார் வீடு தேடி வந்தார்கள். பத்து சென்ரிமீற்றர் கனசதுரமாக ஒரு கியூப்சாட், அதாவது சின்னச் செயற்கைக்கோள், செய்யப் போகிறார்களாம். "அண்ணா, ஒன்றை மட்டும் செய்து அதையே சோதித்து அனுப்பலாமா, இல்லாட்டி இரண்டு செய்யவேணுமா?" என்று கேட்டார்கள். சின்னச் செயற்கைக்கோள் ஒன்றின் ஒருங்கிணைப்பையும் சோதனையையும் முன்னின்று நடத்தியபோது நானும் இதே இடத்தில் நின்றேன். இரண்டு செய்யும் வழியைத்தான் எடுத்தேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஒன்றை மட்டும் செய்வதற்கு ப்ரோட்டோஃபிளைட் என்று பெயர். காசும் காலமும் மிச்சம் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஏவும்போது எதிர்பார்க்கும் அதிர்வைவிட 3 டெசிபல் கூட்டி, அதாவது ஆற்றலை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, பறக்கப்போகும் பொருளையே உலுக்க வேண்டும். இரண்டு செய்தால் அந்த அடி முழுவதையும், சோதனைக்கென்றே செய்து கீழே வைத்துக்கொள்ளும் பொறியியல் மாதிரி வாங்கிக்கொள்ளும். மேலே போகும் பறப்பு மாதிரிக்கு எதிர்பார்க்கும் அளவே போதும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: கழற்றிப் பூட்டுவது. எங்கள் ஊரில் வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக், கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் கையில் தரமாட்டார். செயற்கைக்கோளும் அப்படித்தான். பரிசோதித்து முடித்ததைத் திறந்துவிட்டால் பழைய அதிர்வுச் சோதனையை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. ஒரு பகுதியையாவது திரும்பச் செய்ய வேண்டும்.

எங்கள் பொறியியல் மாதிரியை உலுக்குவதற்கு முன்னும் பின்னும் மெல்லிய அதிர்வு கொடுத்து அதன் இயற்கை மீடிறனை, அதாவது எந்த வேகத்தில் அது தானாகக் கூடுதலாக அதிர்கிறது என்பதை, பார்த்தோம். இரண்டாவது வரைபடத்தில் உச்சி இடப்பக்கம், குறைந்த மீடிறனுக்கு, நகர்ந்திருந்தது. உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். திறந்து டோர்ச் அடித்துத் தேடினோம். திருகாணியை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நிறக்கோடு ஒன்று போட்டுவிடுவோம். பற்றரிக்குக் கீழே ஒரு திருகாணியில் அந்தக் கோடு முறிந்து, பாதிகள் இரண்டும் அரை மில்லிமீற்றர் விலகி நின்றன. அதற்குப் பசை போட விட்டுப்போயிருந்தது. பறப்பு மாதிரியின் வேலைத்தாளில் ஒரு வரி சேர்த்தோம், பிரச்சினை அதோடு முடிந்தது.

ஒன்று மட்டும் இருந்திருந்தால்? சூரியத் தகடு, அன்டெனா, பற்றரி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒரு கனெக்டரை எத்தனை தரம் கழற்றிப் பூட்டலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அப்புறம் அதிர்வு மேசைக்குத் திரும்ப நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டும். 2018 இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வெயில்மறைப்பு உறையிலிருந்தே, ஒலிச் சோதனைக்குப் பிறகு திருகாணிகளும் வாஷர்களும் கழன்று கிடந்தன. அவ்வளவு பெரிய குழுவுக்கே நடக்கும் காரியம் இது.

இரண்டாவதுக்குச் செலவு கூடும் என்ற பயம் பாதிதான் சரி. பொறியியல் மாதிரியில் விலை கூடிய சூரியக் கலங்களுக்குப் பதிலாக அதே எடையில் அலுமினியத் துண்டுகளை ஒட்டலாம். ஏவிய பிறகு மேலே ஏதாவது பிசகினால், கட்டளையை முதலில் கீழே இருப்பதில் அனுப்பிப் பார்க்கலாம்.

ஏற்கெனவே பறந்த வடிவமைப்பையே திரும்பச் செய்வதானால் ஒன்று போதும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நான் அப்படிச் செய்து பார்த்ததில்லை. பெரிய செயற்கைக்கோள்களிலும் கைவைத்ததில்லை. அங்கே இரண்டாவதைச் செய்யும் செலவே பெரிய தடை.

தம்பிமாருக்கு இன்னொன்றும் சொன்னேன். பறப்பு மாதிரியைத் தூய அறையில்தான் பூட்ட வேண்டும், அதை இந்த உப்புக்காற்றில் திறக்கவே கூடாது. பொறியியல் மாதிரியை இங்கேயே, ஏசி அறையொன்றில், உடம்பின் நிலைமின் பலகைகளைத் தாக்காமல் மணிக்கட்டில் எர்த் பட்டி கட்டிக்கொண்டு தொடங்கலாம். வேலை முடிந்ததும் பலகைகளைச் சிலிக்கா ஜெல்லோடு பையில் போட்டு மூடிவிடுங்கள்.