பெடல் ஸ்டீல் பழக எந்த பேக்கிங் டிராக்? நான்கு வருட அனுபவம்

பெரம்பூரில் ரயில்வே குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவன் நான். தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து கன்ட்ரி பாட்டு கேட்கும். அதற்குப் பின்னால் வழுக்கி வழுக்கி அழுகிற ஒரு வாத்தியத்தின் பெயர் பெடல் ஸ்டீல் (கம்பிமேல் இரும்பு பாரை வழுக்கி, காலால் பெடல் மிதித்து வாசிக்கும் கிட்டார் வகை) என்று தெரியவே எனக்கு முப்பது வயதாகிவிட்டது. நான்கு வருடத்துக்கு முன் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது பழைய வாத்தியம் ஒன்றைக் கொண்டுவந்தான். பத்துக் கம்பி, மூன்று பெடல், முழங்காலால் தள்ளும் நான்கு லீவர், ஈ9 என்ற சுருதி அமைப்பு.

இங்கே இதற்குச் சேர்ந்து வாசிக்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் பேக்கிங் டிராக்தான், அதாவது கூட வாசிக்க முன்பே பதிவான பின்னணி இசைதான், துணை. இத்தனை நாளில் எது உதவியது, எது உதவவில்லை என்று சொல்கிறேன்.

எல்லோரையும் போல யூடியூபில்தான் ஆரம்பித்தேன். 'ஸ்லோ கன்ட்ரி பேலட்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். ஆனால் பெரும்பாலானவை சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார்காரர்களுக்காகச் செய்தவை. பின்னால் ஒரு கிட்டார் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டீல் ஒலிக்கும் அதே ஸ்தாயியில் கீபோர்டு உட்கார்ந்திருக்கும். நாம் ஒரு ஸ்வரத்தை நீட்ட இடமே இருக்காது. வேகமும் அதிகம். முதல் இரண்டு வருடத்துக்கு நிமிடத்துக்கு 60, 70 தட்டு போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் கம்பிமேல் வைத்த இரும்பு பார் சரியான இடத்தில் நிற்பதற்குள் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிவிடுகிறது.

பிறகு ஒரு தளத்தில் காசு கொடுத்து நாற்பது டிராக் கொண்ட தொகுப்பு வாங்கினேன். ஸ்டீல் வாசிப்பவர்களுக்கு என்றே விளம்பரம். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஒரு ஸ்டீல் வாசித்துக்கொண்டிருக்கிறது! கேட்டு எழுதினேன், பதில் இல்லை. வாங்குவதற்கு முன் மாதிரியை முழுசாகக் கேளுங்கள், முதல் பத்து நொடி மட்டும் போதாது.

ஐரியல் ப்ரோ செயலி இன்றும் தினமும் பயன்படுகிறது. சத்தம் செயற்கைதான். ஆனால் பியானோவை அணைத்து பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்துக்கொள்ளலாம், கார்டுகளை நாமே எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத்தையோ சுருதியையோ தானாக மாற்றும் வசதி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஜி மேஜர் கார்டை 3ஆவது ஃபிரெட்டில் (கம்பிக்கு அடியில் இடம் காட்டும் கோடு) பெடல் இல்லாமல், 6இல் ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்த்து, 10இல் ஏ, பி பெடல்களோடு என மூன்று இடத்தில் வாசிக்கலாம். சுற்றுக்கு அரை ஸ்வரம் ஏறிக்கொண்டே போனால் மூன்று இடமும் கூடவே நகரும். ஒரு மாதம் செய்தால் கை தானே போய் நிற்கும்.

பேண்ட் இன் ஏ பாக்ஸ் வேறு ரகம். கனடாவின் பிஜி மியூசிக் நிறுவனத்தின் மென்பொருள். கார்டுகளைத் தட்டச்சு செய்தால் உண்மையான கலைஞர்கள் வாசித்துப் பதிவு செய்த துண்டுகளைக் கோத்துத் தரும். அதில் வரும் ஸ்டீலை மட்டும் அணைத்துவிட்டு வாசிக்கலாம். சந்தேகம் வந்தால் திரும்பத் திறந்து அந்த ஸ்டீல் கலைஞர் என்ன செய்தார் என்று கேட்கலாம். பதிவான வேகத்திலிருந்து ரொம்பக் குறைத்தால் ஒலி நடுங்கும். கணினியில் இடமும் நிறையத் தின்னும். இருந்தாலும் கொடுத்த காசுக்கு வருத்தமில்லை.

இனி சுருதி விஷயம். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். காலையில் மூன்று கட்டையில், அதாவது ஈ சுருதியில், தம்புரா செயலியைப் போட்டுவிட்டுப் பழகுவேன். பெடல் ஸ்டீலில் பாரை ஃபிரெட் கோட்டுக்குமேல் கண்ணால் வைத்தால் போதாது, காதுதான் முடிவு செய்யவேண்டும். கோட்டு வாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் தம்புராவோடு ஒட்டி நிற்கிற அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 386 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு). பியானோவின் காந்தாரம் 400. காலையில் தேன் மாதிரி ஒட்டிய அதே ஸ்வரம் மாலையில் டிராக்கோடு சேரும்போது 14 சென்ட் குறைந்து, இறங்கின மாதிரி கேட்கும். என் காதுதான் கெட்டுவிட்டது என்று பயந்தே போனேன். இப்போது 3ஆவது, 6ஆவது கம்பிகளை, அதாவது ஜி ஷார்ப் கம்பிகளை, இரண்டுக்கும் நடுவில், பியானோவைவிட ஏழு சென்ட் குறைவாக வைக்கிறேன். பியானோ இல்லாத டிராக்காக இருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்குவேன்.

இத்தனைக்கும் பிறகும் ஏதோ குறைந்தது. வீட்டில் நன்றாக வரும், யாராவது பாடினால் கூட வாசிக்க வராது. கச்சேரிக்குப் போயிருந்தபோது வயலின்காரரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். பாடகர் பாடும்போது நிழல்போல் கூடவே வந்தார், அவர் நிறுத்திய இடத்தில் தன் வாசிப்பை வைத்தார். அப்போதுதான் விளங்கியது. ஸ்டீல் பெரும்பாலும் பக்கவாத்தியம். பாடுபவர் மூச்சு வாங்கும் இடம்தான் அதன் இடம். நானோ பாடகரே இல்லாத டிராக்குகளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து முறையை மாற்றிவிட்டேன். டீசர் (Deezer) என்ற இசைச் சேவை நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட ஸ்பிளீட்டர் என்ற மென்பொருள், ஒரு பாட்டை ஐந்தாகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், பியானோ, மற்றவை. ஸ்டீல் அந்த 'மற்றவை'யில் கிட்டார், ஃபிடில் (கன்ட்ரி பாணியில் வாசிக்கும் வயலின்) எல்லாவற்றோடும் கலந்து கிடப்பதால் அதை மட்டும் எடுக்க முடியாது. அதற்குப் பதில் ஸ்டீலே இல்லாத பாட்டை எடுங்கள். ஐம்பதுகளின் கடைசியில் வந்த நாஷ்வில் சவுண்ட் என்ற கன்ட்ரி பாணியில் ஸ்டீலையும் ஃபிடிலையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு வயலின் கூட்டத்தையும் கோரஸையும் வைத்தார்கள். அந்தக் காலத்துப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் பதிவுகள் சிலவற்றில் இடைவெளிகளை நிரப்புவது ஃபிளாய்ட் கிரேமரின் பியானோ. கீழ் ஸ்வரத்தைத் தொட்டு மேல் ஸ்வரத்துக்கு வழுக்குவது அவர் பாணி. நம் ஏ பெடலும் பி ஸ்வரத்தை ஒரு முழு ஸ்வரம் ஏற்றி சி ஷார்ப் ஆக்குகிறது, அதே வழுக்கல்! பியானோவை மட்டும் அணைத்துவிட்டு, குரலை வைத்துக்கொண்டு, அவர் வாசித்த இடங்களில் நான் வாசிக்கிறேன். பியானோ சுத்தமாகப் போகாது, மெல்லிய எச்சம் கேட்கும். பரவாயில்லை, எங்கே நுழையவேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுக்கிறது.

இப்போது என்னிடம் இருப்பதிலேயே பிடித்த டிராக் போனில் பதிவானது. எதிர்வீட்டு அங்கிள், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். போன கிறிஸ்துமஸுக்கு கிட்டாரும் கையுமாக நான்கு பாட்டு பாடிக் கொடுத்தார். முன்பு ஏ-யில் பாடியதை இப்போது ஜி-யில் பாடுகிறார். கிட்டாரைக் காதாலேயே சுருதி சேர்ப்பார், சரியான ஜி-க்கு இருபது சென்ட் கீழே நிற்கும். பாரை 3ஆவது ஃபிரெட்டுக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது சரணத்தில் ஒரு இடத்தில் மூச்சுக்காக நான்கு தட்டு கூடவே எடுத்துக்கொள்வார். அந்த நான்கு தட்டுக்கு என்ன வாசிப்பது என்றுதான் இந்த வாரம் பழகிக்கொண்டிருக்கிறேன்.