நிலவில் இறங்கிய அந்த 13 நிமிடங்கள்: படிப்பதா, பார்ப்பதா, கேட்பதா?

அப்போலோ 11 பற்றி ஒரு வார இறுதியில் உருப்படியாக ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால், கிடைப்பவை மலைக்க வைக்கும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயணத்தில் போன மைக்கேல் காலின்ஸ் எழுதி 1974இல் வந்த 'கேரியிங் தி ஃபயர்' புத்தகம். டாட் டக்ளஸ் மில்லர் இயக்கி 2019இல் வெளியான 'அப்போலோ 11' ஆவணப்படம். அதே ஆண்டு பிபிசி தொடங்கிய '13 மினிட்ஸ் டு த மூன்' பாட்காஸ்ட். மூன்றும் ஆங்கிலம்தான். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு பாட்காஸ்டுக்கு.

காரணம் இருக்கிறது. 1969 ஜூலை 20 அன்று, நம் கணக்கில் 21 அதிகாலை 1.47க்கு, ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இருந்த ஈகிள் என்ற இறங்குகலம் நிலவில் தரையிறங்கியதைப் பூமியில் ஒருவரும் நேரலையில் பார்க்கவில்லை. உலகம் டிவியில் பார்த்தது, பல மணி நேரம் கழித்து ஆம்ஸ்ட்ராங் ஏணியில் இறங்கி வந்ததைத்தான். கலத்தின் சன்னலில் ஒரு 16 மி.மீ. கேமரா ஓடிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அந்த ஃபிலிம் பூமிக்கு வந்து கழுவப்பட்ட பிறகுதான் யாராலும் பார்க்க முடிந்தது. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் கிடைத்தவை திரையில் எண்கள், காதில் குரல்கள். அவ்வளவுதான். டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகவே புரியும். சென்னைக்கே டிவி வந்தது 1975இல்தான். நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் நிலவுப் பயணம் வானொலியும் செய்தித்தாளும் சொன்ன கதைதான்.

பாட்காஸ்டை நடத்துபவர் கெவின் ஃபாங், தொழிலால் மருத்துவர். இசை ஹான்ஸ் ஜிம்மர். சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பொங்குகிறது, பொறுத்துக்கொள்ளலாம். இறங்கும் எஞ்சினை இயக்கியதிலிருந்து தரை தொடும் வரையிலான அந்த ஏறத்தாழ 13 நிமிடங்களை விளக்குவதற்காகவே பத்துக்கும் மேற்பட்ட பகுதிகள். முதலில் ஆட்களை அறிமுகப்படுத்துகிறார்கள், கணினியைப் பிரித்துக் காட்டுகிறார்கள். அப்புறம், தொடர் முடியப்போகும் நேரத்தில், அசல் ஒலிப்பதிவுக்குள் நம்மை இறக்கிவிடுகிறார்கள்.

1202 அலாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது கலத்தின் கணினி '1202' என்று காட்டுகிறது. ஆம்ஸ்ட்ராங்குக்கு அது என்னவென்று தெரியவில்லை. அது என்ன என்று சொல்லும்படி கேட்கும் குரலில் லேசான அவசரம். ஹூஸ்டனில் முடிவு சொல்ல வேண்டியவர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவருக்குப் பின்னறையிலிருந்து விடை கொடுத்தவர் ஜாக் கார்மன், வயது 24. சில வாரங்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே வகை அலாரம் வந்தபோது, பேல்ஸ் பயணத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டார்; அது தேவையற்ற முடிவு என்று பிறகு தெரிந்தது. அதற்கப்புறம்தான் எல்லா அலாரங்களுக்கும் கார்மன் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். அன்று காப்பாற்றியது அந்தத் தாள். நடந்தது இதுதான்: அப்போது தேவைப்படாத ஒரு ராடார், கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலை மிஞ்சியபோது, முக்கியமில்லாதவற்றைத் தள்ளிவிட்டு முக்கியமானதை மட்டும் தொடரும்படி அந்தக் கணினியின் மென்பொருளை ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். இதைப் படித்தாலும் புரியும். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஓடும் அந்தச் சில விநாடிகளைக் காதால் கேட்பது வேறு.

இன்னொன்று. கடைசியில் '60 விநாடி', '30 விநாடி' என்று, ஹூஸ்டனிலிருந்து கலத்தோடு பேசிய சார்லி டியூக் சொல்வது எரிபொருள் அடியோடு தீரும் நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், இறங்குவதா, கைவிட்டு மேலேறுவதா என்று முடிவெடுக்க மிச்சமிருந்த நேரம் அது. இறங்கிய பிறகு, அந்த இடத்தின் பெயரான 'டிராங்க்விலிட்டி'யைச் சொல்ல வந்த அவருடைய நாக்கு குழறுகிறது. அந்தக் குழறலை அச்சில் எப்படிக் கொடுப்பது?

பாட்காஸ்டோடு பசி அடங்காதவர்களுக்கு 'அப்போலோ இன் ரியல் டைம்' என்ற இலவச வலைத்தளம் இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையின் ஒலிப்பதிவு மட்டும் சுமார் 11,000 மணி நேரம். 30 தடங்கள் கொண்ட பழைய நாடாக்கள் அவை. அவற்றை ஓட்ட மிஞ்சியிருந்த ஒரே கருவி ஒரு நேரத்தில் ஒரு தடத்தைத்தான் படிக்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்துக் குழுவினர் 30 தடங்களையும் ஒன்றாகப் படிக்கும் வழி செய்த பிறகே இது சாத்தியமானது.

ஆவணப்படத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 93 நிமிடம், வர்ணனை கிடையாது, வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து நினைவுகூரும் பேட்டிகளும் கிடையாது. அமெரிக்க ஆவணக் காப்பகத்தில் கிடந்த அகலத் திரை ஃபிலிமிலிருந்து எடுத்த காட்சிகளில், ராக்கெட்டைச் சுமந்து ஊர்ந்து வரும் அந்த ராட்சத வண்டியைப் பார்ப்பதற்கே பெரிய திரை வேண்டும். கிளம்பும்போது இதயத் துடிப்பு ஆம்ஸ்ட்ராங்குக்கு 110, காலின்ஸுக்கு 99, ஆல்ட்ரினுக்கு 88. ராக்கெட் ஏவப்படுவதைக் காட்டுவதில் இந்தப் படத்தோடு வேறு எதுவும் போட்டி போட முடியாது. தரையிறங்கும் இடத்தில் மட்டும், சன்னல் வழியே தெரியும் பள்ளங்களில் கண் லயித்துவிடுகிறது, காது பின்வாங்கிவிடுகிறது. ஹூஸ்டனில் இருந்தவர்களின் தவிப்பு அதனால் நமக்குக் கொஞ்சம் குறைத்தே கிடைக்கிறது. 2018இல் வந்த 'ஃபர்ஸ்ட் மேன்' பற்றிக் கேட்பீர்கள். நல்ல படம், ஆனால் அது ஆம்ஸ்ட்ராங் என்ற மனிதரின் துக்கம் பற்றிய கதை. இந்த வரிசையில் அதற்கு இடமில்லை.

புத்தகம் ஒரு வார இறுதிக்குள் அடங்காது. விமானி வாழ்க்கை, அதற்கு முந்தைய ஜெமினி 10 விண்வெளிப் பயணம் எல்லாம் தாண்டித்தான் நிலவு வருகிறது. காலின்ஸ் வேறொருவரை வைத்து எழுதாமல் தானே எழுதியவர். நகைச்சுவையும் உண்டு, சக ஊழியர்களைப் பற்றிய ஒளிவுமறைவற்ற கருத்துகளும் உண்டு. மற்ற இருவரும் கீழே இறங்க, அவர் மட்டும் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிலவின் பின்பக்கம் போகும்போதெல்லாம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பூமியோடு தொடர்பே இருக்காது. அந்தத் தனிமையைவிட, மற்ற இருவரையும் விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்ப நேருமோ என்பதே அவருடைய பயம். மேலிருந்தபடி ஒவ்வொரு சுற்றிலும் தொலைநோக்கி வழியே ஈகிளைத் தேடிப் பார்த்தார், கடைசி வரை கண்ணில் படவே இல்லை. அவருக்கும் குரல்தான் கிடைத்தது.

பிள்ளைகளோடு உட்காருவதென்றால் படம். ரயிலில் நெடுந்தூரம் போகிறீர்கள் என்றால் புத்தகம். மற்றபடி ஹெட்போனை எடுங்கள். பாட்காஸ்ட் முழுவதற்கும் நேரமில்லாவிட்டால், கணினியையும் அலாரத்தையும் பற்றிய பகுதிகளைக் கேட்டுவிட்டு நேராகத் தரையிறங்கும் பகுதிக்குப் போய்விடலாம். அந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். அலாரம் என்னவென்று தெரியாமல் கேட்டால் பாதி பதற்றம் போய்விடும்.