புது ஹைபிரிட் நியோரெஜிலியா என்று சொல்லி 8,500 பறித்துவிட்டார்கள். பார்த்து வாங்குங்கள்

பார்சலைப் பிரித்து மூணு நாள்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

செடி வாங்குபவர்களும் விற்பவர்களும் கூடும் ஒரு இணையச் சந்தை. பெயர் வேண்டாம். அங்கே 'வீட்டுக்குள் வைக்கவே உருவாக்கிய புது புரோமிலியாட் ஹைபிரிட்' என்று விளம்பரம். புரோமிலியாட் என்றால் அன்னாசிக் குடும்பத்துச் செடி. அதில் நியோரெஜிலியா என்ற வகையில் இரண்டு ரகங்களைக் கலந்ததாம். தாய்ச்செடியிலிருந்து பிரித்த மூன்று பக்கக்கன்று, அதே கலப்பை மறுபடி செய்து எடுத்த 100 விதை, எல்லாம் சேர்த்து 8,500. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் பத்து எச்சரிக்கை தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஏமாந்தது ஒரே ஒரு படத்தில்தான். இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்குகிற நடுக்குழியை இறைத்துக் காயவைத்திருக்கிறது, அதில் ஒரு பூவின் இதழைக் கீறி ஆறு மகரந்தத் தாள்களையும் இடுக்கியால் எடுத்திருக்கிறது, பூவின் அடியில் சிவப்பு நூல், பக்கத்தில் தேதி போட்ட சீட்டு. சீட்டில் தாய் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு மகரந்தம் கொடுத்த செடியின் பெயர். முறை தெரிந்தவர் எழுதுகிற வரிசை அது. "விடியறதுக்கு முன்னாடியே எடுத்துடுவேங்க, பூ விரிஞ்சா தன் மகரந்தமே ஒட்டிக்கும்" என்றார் விற்றவர். சரியான பேச்சு. நியோரெஜிலியா பூ காலையில் விரிந்து அன்றைக்கே மூடிக்கொள்ளும், அந்தச் சில மணி நேரம்தான் வேலை. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று தோன்றியது. "தளத்துக்கு வெளியே நேரா அனுப்பிடுங்க, கூரியர் நம்ம செலவு" என்றதும் 8,500 போய்விட்டது.

படம் எங்கிருந்து சுட்டதோ தெரியாது. சீட்டுத் தேதிக்கும் பார்சல் வந்த நாளுக்கும் நடுவே ஐந்தே வாரம். நியோரெஜிலியா காய் பழுக்கவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதை அப்போதே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

உறையைக் கிழித்தேன். எருக்கம் விதை மாதிரி பழுப்பு முடியோடு பறந்தது! நியோரெஜிலியா, ஏக்மியா, பில்பெர்ஜியா எல்லாம் புரோமிலியாடில் சதைப்பழம் வைக்கிற கூட்டம். பழத்தைப் பிதுக்கினால் வழவழப்போடு மொட்டை விதைதான் வரும். அதைக் கழுவி உடனே, மண் மூடாமல், மேலாக வெளிச்சத்தில் தூவ வேண்டும். வைத்திருந்தால் முளைப்பு வேகமாகக் குறையும். முடி முளைத்த விதை குஸ்மேனியா, வ்ரீசியா, டில்லாண்ட்சியா பக்கம். அவற்றின் காய் உலர்ந்து வெடிக்கும். இந்த இரண்டு கூட்டமும் வேறு வேறு துணைக் குடும்பம். தாய் நியோரெஜிலியா என்றால் இந்த விதைக்கு வாய்ப்பே இல்லை. கண்ணால் பார்த்தாலே தெரிகிற பொய்.

கன்றுகளும் அப்படித்தான். தாயிலிருந்து அறுத்த பக்கக்கன்றின் அடியில் குச்சி மாதிரி கட்டையான தண்டும் வெட்டுத் தழும்பும் இருக்கும். வந்த மூன்றிலும் அது இல்லை. அடி வழவழவென்று, நூல் வேர் மட்டும். விதைநாற்றுகள். மூன்றும் மூன்று சாயல், ஒன்றில் முள் ஓரம், ஒன்றில் முள்ளே இல்லை. பக்கக்கன்று என்றால் தாயின் அச்சு. விதைநாற்று என்றால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பெயர் வைக்கிற செடியைப் பக்கக்கன்றிலோ திசு வளர்ப்பிலோ பெருக்குவது இதற்காகத்தான். 8,500 கொடுத்தது அந்த அச்சுக்கு.

இதில் ஒன்று அடியில் பழுப்பாகி அழுகல் வாடை. அன்றே செய்தி அனுப்பினேன். முதல் பதில்: "படம் அனுப்புங்க." அனுப்பினேன். அடுத்த நாள்: "ஹைபிரிட்னா அப்படித்தாங்க, கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்." விதை முடியைப் பற்றிக் கேட்டால்: "வெளிச்சத்துல வைங்க, கலர் வந்துடும்." கேட்டது என்ன, சொல்வது என்ன! அழுகலுக்கு வைத்தியம் சொன்னார் பாருங்கள், "செம்பு கலந்த பூஞ்சை மருந்தை நடுக்குழியில ஊத்துங்க." புரோமிலியாடுக்குச் செம்பு விஷம். கொஞ்சம் போனாலே குருத்து கருகும். இலைக்குழியில் தண்ணீர் வைத்துக் குடிக்கிற செடியில் அதை ஊற்றச் சொல்கிறவர் கலப்பினம் செய்தாராம். அதற்குப் பிறகு பிளாக். தளத்தில் முறையிட்டால் "பணம் எங்கள் வழியாக வரவில்லை" என்று ஒரே வரி.

விளம்பரத்திலேயே இன்னொரு வாக்கியம் இருந்தது: "விதையில் பாதி வெள்ளை வரி இலையோடு வரும்." வெள்ளை வரி பெரும்பாலும் குருத்தில் இரண்டு வகைத் திசு சேர்ந்திருப்பதால் வருவது. விதையில் அதே வரி வருவதை எதிர்பார்க்க முடியாது. முழு வெள்ளையாக முளைக்கிற நாற்று பச்சையம் இல்லாமல் சாகும். அதைப் படித்தும் வாங்கியது யார் குற்றம் என்று கேட்காதீர்கள்.

பத்து எச்சரிக்கை என்றேன். எழுத உட்கார்ந்தால் 8,500 தான் கண்ணில் நிற்கிறது. தோன்றுவதைச் சொல்கிறேன்.

தன் மகரந்தம் ஒட்டவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேளுங்கள். மகரந்தத் தாளை எடுத்துவிட்டு, வேறு மகரந்தமும் வைக்காமல் இரண்டு மூன்று பூவையாவது விட்டிருக்க வேண்டும். அவற்றில் காய் பிடித்திருந்தால் கலப்பே சந்தேகம்.

விதையிலிருந்து பூக்க நியோரெஜிலியாவுக்கு இரண்டு மூன்று வருஷம், குஸ்மேனியா, வ்ரீசியாவுக்கு இன்னும் கூடும். 'போன வருஷம் கலந்தேன், இந்த வருஷம் பூத்தது' என்றால் ஓடிவிடுங்கள்.

வீட்டுக்குள் நிறம் நிற்கும் என்று நியோரெஜிலியாவை விற்றால், மங்கிய வெளிச்சத்தில் மூன்று மாதம் வைத்தெடுத்த படம் கேளுங்கள். இருட்டில் சிவப்பு வெளுத்து இலை நீளும். அறைக்குள் மாதக்கணக்கில் நிறம் காட்டுவது குஸ்மேனியா போன்றவற்றின் பூவடி இலை.

கன்றின் அடிப்பக்கப் படம் இல்லாமல் காசு அனுப்பாதீர்கள். தளத்துக்கு வெளியே அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அழுகாத இரண்டின் அடியிலையிலும் செதில் பூச்சி ஒட்டியிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். மற்ற செடிகளிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.